குளிர்காலப் பாலர் வகுப்புக்கு எதை வாங்கலாம்? பொய்ப்பனித் தூள் முதல் டால்டா கையுறை வரை

நவம்பர் கடைசியில் டொராண்டோ பக்கத்துப் பாலர் வகுப்புகளில் தொட்டு விளையாடும் தொட்டி நிறம் மாறிவிடும். இலைச்சருகும் பூசணி விதையும் வெளியே போகும், வெள்ளையாக ஏதோ ஒன்று உள்ளே வரும். அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பதில்தான் காசும் நேரமும் வீணாகின்றன. பொய்ப்பனித் தூள், நுரைப்பனி, படிகப் பனிப்பூ, எல்லாம் சேர்த்துக் கட்டிய குளிர்காலப் பெட்டி என்று கடையில் ஏகப்பட்டது இருக்கிறது. ஒன்டாரியோவில் 4 வயதில் ஜூனியர், 5 வயதில் சீனியர் என்று பாலர் வகுப்பு இரண்டு ஆண்டு. அந்த வயதுக்கு, ஒரு மேசையில் நான்கு பிள்ளைகள் என்ற கணக்கில், எது தேறும் எது தேறாது என்று இங்கே பார்க்கிறோம்.

அளவுகோல் ஒன்றே: பிள்ளையின் கண்ணெதிரே அந்தப் பொருள் மாறுகிறதா? குளிர்கிறதா, உருகுகிறதா, உறைகிறதா? மாறினால் அது குளிர்காலப் பாடம். மாறாவிட்டால் வெள்ளை மணல். வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்பது பனிக்கும் பொருந்தும்.

சொல் பற்றி ஒன்று. நம் முன்பனியும் பின்பனியும் மார்கழி, மாசிக் காலத்துப் பனித்துளி. கனடாவில் கொட்டுவது வேறு. வார இறுதித் தமிழ் வகுப்பில் இரண்டுக்கும் 'பனி' என்றே சொன்னால் பிள்ளைகள் குழம்புவார்கள். கொட்டுவதை வெண்பனி என்றும், உறைந்த கட்டியைப் பனிக்கட்டி என்றும், புல்லில் நிற்பதைப் பனித்துளி என்றும் முதல் நாளிலேயே பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது.

முதலில் அதிகம் விற்கிற பொய்ப்பனித் தூள். இது சோடியம் பாலிஅக்ரிலேட். குழந்தைகளின் டயப்பருக்குள் இருக்கும் அதே வகைப் பொருள்தான். டயப்பர் தூள் தண்ணீர் குடித்தால் கூழாகும். பனித் தூளின் சங்கிலிகளை வேறு விதமாகப் பின்னியிருப்பதால் அது பொலபொலவென்று பொங்கி நிற்கும். ஒரு மேசைக்கரண்டி தூளுக்கு அரைக் கப் தண்ணீரில் தொடங்குங்கள். பொட்டலத்துக்குப் பொட்டலம் அளவு மாறும். குறைவாக ஊற்றிப் பிறகு சேர்க்கலாம், கூடிவிட்டால் கஞ்சிதான். ஒரு நிமிடத்துக்குள் பாத்திரம் நிரம்பி வழியும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பது அந்த ஒரு நிமிடத்தைத்தான்.

சரியாகப் பொங்காவிட்டால் பெரும்பாலும் குற்றம் குழாய்த் தண்ணீரிடம் இருக்கும். கடினநீரிலுள்ள கால்சியம் இந்தச் சங்கிலிகளை இறுக்கிவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் அதே தூள் இன்னும் நன்றாகப் பொங்கும். உலர்ந்த தூள் கண்ணிலும் மூக்கிலும் படக்கூடாது. அதனால் கலக்கும் வேலை பெரியவருடையது, பிள்ளைகள் ஓர் அடி தள்ளி நிற்கட்டும். தரையில் சிந்தியது காலில் பட்டால் வழுக்கும், சும்மாவல்ல, எண்ணெய் கொட்டிய தரையைப் போல. மேசைக்கு அடியில் பழைய துண்டு விரியுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் வழுக்கல் இன்னும் கூடும்.

இதன் பெரிய குறை பாடத்தில் இருக்கிறது. பொங்கிய பனியின் மேல் உப்பைத் தூவினால் சடாரென்று அமுங்கி ஈரச்சேறாகும். பல வகுப்புகளில் இதைக் காட்டி, 'பாருங்கள், சாலையில் உப்புப் போட்டால் பனி இப்படித்தான் உருகும்' என்கிறார்கள். அது தவறு. சாலையில் உப்பு உறைநிலையைக் கீழே இறக்குகிறது. இங்கே எதுவுமே உறைந்திருக்கவில்லை, உருகுவதற்கும் ஒன்றுமில்லை. தூளுக்குள் இருந்த தண்ணீரை உப்பு வெளியே இழுக்கிறது, அவ்வளவுதான். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவதால் பிள்ளை மனதில் தவறான விளக்கம் பதிந்துவிடும். தண்ணீர் குடிக்கும் பொருள் எப்படி இருக்கும் என்று காட்ட இந்தத் தூளை வாங்கலாம். உருகுதலைக் காட்ட வாங்காதீர்கள்.

ஆனால் அந்த உப்பு வித்தை சுத்தம் செய்யும்போது கைகொடுக்கும். தூள் தண்ணீரோடு சாக்கடைக் குழாயில் போனால் உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும். தாராளமாக உப்புப் போட்டு அமுக்கி, அள்ளிக் குப்பையில் போடுங்கள். மூடிய டப்பாவில் ஈரமாக வைத்தால் நாலைந்து நாளில் வாடை வரும். தட்டில் பரப்பிக் காயவிட்டால் மறுபடி தூளாகும், இன்னொரு முறை பயன்படும். எதையும் வாயில் வைக்கும் பிள்ளை இருக்கும் மேசைக்கு இது வேண்டாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த நீர்மணிகளை, தண்ணீரில் போட்டால் கோலிக்குண்டு அளவுக்கு வளரும் அந்த வண்ண உருண்டைகளை, இந்த வயதுக்கு வாங்கவே வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள் வளர்ந்து அடைக்கும், எக்ஸ்ரேயில் எளிதில் தெரியாது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. குழந்தைகளுக்கென்று விற்கப்படும் நீர்மணிகளை இனி விற்பதில்லை என்று அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றும் 2023 டிசம்பரில் அறிவித்தன. பழைய குளிர்காலப் பெட்டியில் 'பனிமுத்து' என்று ஒரு சிறு பொட்டலம் கிடந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள்.

அடுத்தது ஆப்பசோடாப் பனி. தினசரி விளையாட்டுக்கு இதுவே மேல். ஆப்பசோடா மூன்று கப், வெள்ளை நிற ஹேர் கண்டிஷனர் அரைக் கப். கண்டிஷனரை ஒரே தடவையில் கொட்டாமல் கரண்டி கரண்டியாகச் சேர்த்துப் பிசையுங்கள். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அதுதான் பதம். களிபோல் ஒட்டினால் கண்டிஷனர் கூடிவிட்டது, இன்னும் கொஞ்சம் சோடா போட்டால் சரியாகும். தொட்டால் சில்லென்று இருக்கும், பனிமனிதன் செய்யலாம், அச்சில் அழுத்தலாம். வாசனை குறைவான கண்டிஷனராகப் பாருங்கள். நான்கு பிள்ளைகள் ஒரு மணி நேரம் பிசைந்தால் அறை முழுக்கத் தேங்காய் வாடையோ செம்பருத்தி வாடையோ அடிக்கும். கையில் கீறலோ சருமப் படையோ உள்ள பிள்ளைக்கு எரியும், அவர்களுக்கு சோள மாவும் கண்டிஷனரும் இரண்டுக்கு ஒன்று போதும்.

மூன்றாம் நாள் உலர்ந்து பொடியாகும்போது தூக்கிப் போடாமல் டிராப்பரில் வினிகர் கொடுங்கள். பொங்கும். பொங்கும் இடத்தில் விரலை வைத்தால் முன்பைவிடக் குளிர்ந்திருக்கும், ஏனென்றால் அந்த வினை சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. சாதாரணச் சமையலறை வெப்பமானி வைத்தாலே சில டிகிரி இறங்குவது தெரியும். ஒரு கப் வினிகருக்கு மேல் மேசையில் வேண்டாம், இல்லாவிட்டால் தொட்டி நிரம்பி நாறும்.

இனி பனிக்கட்டி. மொத்தப் பட்டியலிலும் முதலிடம் இதற்குத்தான், செலவோ பூச்சியம். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் பொம்மை விலங்குகளை உறைய வைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து 'மீட்டெடுங்கள்' என்று சொல்லும் விளையாட்டை எல்லோரும் அறிவார்கள். பெரும்பாலும் உறைய வைப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கனமானவை அடியில் போய்ப் படுக்கும், பிளாஸ்டிக் மேலே மிதந்து வெளியே நீட்டும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி நான்கு மணி நேரம் உறைய விடுங்கள். விலங்குகளை வையுங்கள், அடுத்த பங்கை ஊற்றுங்கள், மறுபடி உறையட்டும், பிறகு கடைசிப் பங்கு. இரண்டாம் ஊற்றலுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் வேண்டும். வெதுவெதுப்பாக ஊற்றினால் கீழ் அடுக்கு விரிசல் விடும். கண்ணாடிப் பாட்டில் கூடாது. உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும், கண்ணாடி தாங்காது. பலூனில் உறைய வைத்தால் அழகான உருண்டை வரும், ஆனால் கிழிந்த ரப்பர் துண்டு ஒன்று விடாமல் எண்ணி எடுக்க வேண்டும்.

நீல நிறம் கலந்து உறைய வைத்தால் ஓரமெல்லாம் வெளிறி, நடுவில் மட்டும் அடர்நீலமாக நிற்கும். பலரும் நிறம் சரியில்லை என்று மறுபடி செய்கிறார்கள். அது பிழையே இல்லை. பனிக்கட்டி வெளியிலிருந்து உள்ளே உறையும்போது நிறத்தைத் தள்ளிக்கொண்டே போகிறது. நடுவில் இருட்டாக இருப்பதே பேச்சைத் தொடங்கி வைக்கும்.

கொடுக்க வேண்டிய கருவிகள் மூன்று: வெதுவெதுப்பான தண்ணீரும் பெரிய டிராப்பரும், ஒரு சிறு கிண்ணத்தில் கல் உப்பு, ஒரு மரக்கரண்டி. சுத்தியல் வேண்டாம், சில்லு கண்ணில் தெறிக்கும். உப்பு எங்கே விழுந்ததோ அங்கே குழி விழுவதையும், தண்ணீர் பட்ட இடம் வழவழப்பாவதையும் பிள்ளைகளே ஒப்பிடுவார்கள். ஆனால் உப்புப் பட்ட பனிக்கட்டி சாதாரணப் பனிக்கட்டியைவிடக் குளிர்ச்சி. உப்பும் பனிக்கட்டியும் கலந்த கலவை −21 டிகிரி வரை இறங்கக்கூடியது. குல்ஃபி வண்டிப் பானையில் ஐஸோடு உப்பைப் போட்டு வைப்பதும் இதனால்தான். அதை வெறுங்கையில் அழுத்திப் பிடித்தால் தோல் உறைந்து புண்ணாகும். எனவே ஒரு விதி வையுங்கள்: உப்புப் போட்ட கட்டியைக் கையில் எடுக்கக்கூடாது, தட்டில்தான் இருக்க வேண்டும்.

இதே உப்பைக் கொண்டு நூலால் பனிக்கட்டியைத் தூக்கும் வித்தையும் செய்யலாம். கிண்ணத் தண்ணீரில் ஒரு பனிக்கட்டி மிதக்கட்டும். அதன் மேல் பருத்தி நூலின் நுனியை ஈரப்படுத்திக் கிடத்தி, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். மேல்பரப்பு கொஞ்சம் உருகி, உருகிய தண்ணீரில் உப்பு நீர்த்ததும் அது மறுபடி உறைந்து நூலைப் பிடித்துக்கொள்ளும். தோற்றுப் போகும் இடங்கள் மூன்று. நைலான் நூல் ஈரம் பிடிக்காது. உப்பு அதிகமானால் மறுபடி உறையவே உறையாது. பொறுமை போதாத பிள்ளை அரை நிமிடத்தில் இழுத்துவிடும். மூன்றாவதற்கு மருந்து அறுபது வரை சேர்ந்து எண்ணுவது. எண்ணுப் பாடம் கூடவே நடந்துவிடும்.

குளிர்க்கடல் விலங்குகளைத் தோலடிக் கொழுப்பு எப்படிக் காக்கிறது என்று காட்டும் கொழுப்புக் கையுறைக்கு இரண்டாம் இடம். கனடாவில் கிரிஸ்கோ, நம் ஊரில் டால்டா, எந்த வனஸ்பதியும் சரி. ஒரு லிட்டர் ஜிப்லாக் பையில் ஒன்றரைக் கப் வனஸ்பதி. இன்னொரு பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி முதல் பைக்குள் கையோடு நுழையுங்கள். இரண்டு பைகளின் ஜிப்பும் ஒன்றோடொன்று பொருந்தும். பொருத்தி, வாயைச் சுற்றி அகல டேப் ஒட்டுங்கள். வெளியிலிருந்து பிசைந்து கொழுப்பை எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டராவது பரப்புங்கள். விரல் நுனிப் பக்கம் மெலிந்துவிடும், 'எனக்குக் குளிர்கிறது' என்று பிள்ளை சொன்னால் அங்கேதான் பாருங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, வெறுங்கையோடு ஒப்பிடுவது. வெறுங்கை நனைகிறது, கையுறைக் கை நனையவில்லை. ஆக எதனால் வித்தியாசம் என்று தெரியாது. கொழுப்பில்லாத இரட்டைப் பை ஒன்றும் தயாராக இருக்க வேண்டும். பாதி பனிக்கட்டி, பாதி தண்ணீர் உள்ள வாளியில் ஒரு கை கொழுப்புப் பையிலும் இன்னொரு கை வெற்றுப் பையிலும் இருக்கட்டும். பத்து எண்ணுவதற்குள் பதில் வந்துவிடும். ஆர்க்டிக் கடலின் போஹெட் திமிங்கலத்துக்கு இந்தக் கொழுப்பு அரை மீட்டர் தடிமன் வரை இருக்கும். ஓர் அளவுகோலால் சுவரில் 50 சென்டிமீட்டர் கோடு போட்டுக் காட்டினால் பிள்ளைகள் தங்கள் வயிற்றோடு வைத்துப் பார்ப்பார்கள்.

கூடவே ஒரு விஷயம் சேரும். ஸ்வெட்டர் தானே சூடு தரும் என்று இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் நம்புகின்றன, சில பெரியவர்களும்தான். ஒரே அளவு பனிக்கட்டிகள் மூன்று எடுங்கள். ஒன்று கம்பளிக் கையுறைக்குள், ஒன்று காகிதத்தில் சுற்றி, ஒன்று சும்மா தட்டில். எது முதலில் உருகும் என்று கேட்டால் முக்கால்வாசிக் கைகள் கையுறைக்குத் தூக்கப்படும். நிஜத்தில் கையுறைக்குள் இருப்பதே கடைசிவரை நிற்கும். பனிக்கட்டியைச் சிறு பைக்குள் போட்டே கையுறையில் வையுங்கள், நனைந்த கம்பளி முடிவைக் கெடுத்துவிடும்.

பனிப்பூ வெட்டும் வேலைக்கு வருவோம். கடையில் விற்கும் நுரைப் பனிப்பூக்களையும் சுவர் அலங்காரங்களையும் எண்ணிப் பாருங்கள். எட்டு முனை உள்ளவை நிறைய. உண்மை வெண்பனிப் படிகத்துக்கு ஆறு முனை, ஏனென்றால் பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கி நிற்கின்றன. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஜெரிகோ ஊர் விவசாயி வில்சன் பென்ட்லி 1885இல் தன் முதல் வெண்பனிப் படிகப் படத்தை எடுத்தார். வாழ்நாளில் 5000க்கு மேல் எடுத்தார். அந்தப் படங்களை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் எட்டு முனை அலங்காரத்தைத் தொங்கவிடுவது அபத்தம். சதுரத் தாளை நான்காக, எட்டாக மடித்தால் எட்டு முனை வரும். ஆறு வேண்டுமானால் வட்டத்தைப் பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தை மூன்று சம பாகமாக மடிக்க வேண்டும். வட்டத்துக்குத் தாள் வெட்ட வேண்டாம், காபி ஃபில்டர் தாள் தயாராக இருக்கிறது. மெல்லியதாக இருப்பதால் ஆறு மடிப்பையும் நான்கு வயதுப் பிள்ளையின் கத்தரி வெட்டும். அச்சுத் தாளில் இதே மடிப்பைக் கொடுத்தால் கத்தரி நழுவும், பிள்ளை அழும்.

படிகப் பனிப்பூவுக்கு இணையத்தில் உலவும் செய்முறை வெண்காரத்தை, அதாவது போராக்ஸை, சொல்லும்: ஒரு கப் கொதிநீருக்கு மூன்று மேசைக்கரண்டி, பைப் கிளீனரை வளைத்துத் தொங்கவிட்டு இரவு முழுக்க வைத்தால் அழகாகவே வரும். ஆனால் கைவேலைக்கு வெண்காரம் வேண்டாம் என்று 2016இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா அறிவித்துவிட்டது. படிகாரத்தில் செய்யலாம். சூடான நீரில் இனிக் கரையாது என்ற அளவுக்குப் போட்டு, ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். அடிக்கடி தூக்கிப் பார்த்தால் சின்னச் சின்னப் படிகங்களாகச் சிதறும். படிகாரப் படிகம் எட்டு முகம் கொண்டது, பனிப்பூ போல இருக்காது என்பதைச் சொல்லியே செய்யுங்கள். இதைவிடச் சுலபம் எப்சம் உப்பு, நம் பேதி உப்புதான். உப்பும் சுடுநீரும் சம அளவு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். கறுப்புத் தாளில் தூரிகையால் தடவி வைத்தால் உலரும்போது ஜன்னல் கண்ணாடியில் படரும் உறைபனி போல ஊசி ஊசியாகக் கிளைக்கும். சுடுநீர் வேலை பெரியவருக்கு, தூரிகை ஆறிய பிறகு பிள்ளைக்கு.

ஷேவிங் நுரையும் வெள்ளைப் பசையும் சம அளவில் கலந்த பொங்கு வண்ணம் பரவாயில்லை. ஜெல் வாங்கிவிடாதீர்கள், நுரைதான் வேண்டும். தடிமனாகப் பூசினால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். பசைக்கோட்டில் உப்புத் தூவி வண்ணநீர் சொட்டும் ஓவியம் தடித்த அட்டையில் மட்டுமே நிற்கும். தெர்மகோல் உருண்டைகள் வேண்டவே வேண்டாம், நிலைமின்சாரத்தில் தலைமுடி முதல் மூக்கு வரை ஒட்டும். உதிரி பிளாஸ்டிக் ஜிகினாவையும் தவிருங்கள், ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே அதன் விற்பனையைத் தடுத்துவிட்டது.

தயாராக விற்கும் குளிர்காலப் பெட்டிகளில் காசு பெறுபவை டிராப்பர், இடுக்கி, விலங்குப் பொம்மைகள். மீதி அலங்காரம். இடுக்கி பிள்ளைக் கைக்கு மெத்தென்று அழுந்த வேண்டும், பெரியவர் விரலுக்கே இறுக்கமாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பஞ்சுருண்டை, பொம்மை எதுவானாலும் விட்டம் 3.17 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மூன்று வயதுக்குட்பட்டவருக்கு ஆகாது. குழந்தை விழுங்கிவிடக்கூடிய சிறு பொருளா என்று பார்க்கும் அமெரிக்கச் சோதனைக் குழாயின் வாய் அந்த அளவுதான். பெட்டிக்குள் பென்குயினும் பனிக்கரடியும் ஒரே பனித்தட்டில் நின்றால் இரண்டு தட்டாகப் பிரியுங்கள். கரடி வட துருவத்தது. பென்குயின்கள் தென் பாதி உலகத்தவை, கலாபகஸ் தீவில் மட்டும் நிலநடுக்கோட்டைத் தொட்டு வாழும் ஒரு சிறு இனம் உண்டு.

சென்னையில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளிலும் டிசம்பரில் குளிர்கால வாரம் நடக்கிறது. பனிக்கட்டியும் இரண்டு பைச் சோதனையும் அங்கே அப்படியே ஓடும், வெக்கையில் இன்னும் வேகமாக. உப்பு ஓவியம் மட்டும் வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் உலராமல் ஒழுகும், மழை விட்ட வாரமாகப் பாருங்கள். டால்டா இளகி ஒரு பக்கமாக இறங்கும், கையுறையை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

வெளியே உண்மை வெண்பனி கிடக்கும் ஊரில் இருப்பவர்கள் இதையெல்லாம் வாங்குமுன் ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். அழுத்தாமல் தளர்வாக நிரப்பி, உச்சியில் ரப்பர் வளையம் மாட்டி, உருகிய பின் தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு வளையம் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான வளையங்கள் உச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கும். புதிதாக விழுந்த வெண்பனியில் பெரும்பகுதி காற்று. பத்து சென்டிமீட்டர் உருகினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்தான், ஈரப் பனியானால் கொஞ்சம் கூடும். உருகி முடிந்ததும் அந்தத் தண்ணீரைக் காபி ஃபில்டர் வழியாக வடியுங்கள். தாளில் தங்கும் கறுப்புத் தூசியைப் பார்த்த பிறகு, மைதானத்தில் பனியை அள்ளி வாயில் போடும் பிள்ளைகளிடம் யாரும் தனியாக எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.